வெளிநாட்டு நபராகிய அத்தைக்கு

அன்பும் மரியாதையும் உள்ள அத்தைக்கு,

முதலில் நான் கவனித்தது துண்டைத்தான். போன வாரம் நீங்கள் போன் செய்தபோது அம்மா எடுத்து, "அவர் குளிச்சிட்டிருக்கார் அண்ணி" என்றாள். அந்த நேரத்தில் அப்பாவின் துண்டு பின்பக்கக் கொடியில் காய்ந்து மொடமொடவென்று தொங்கிக்கொண்டிருந்தது. அந்தத் துண்டுக்குக் கீழே அப்பா நின்றுகொண்டிருந்தார், போட்ட சட்டையோடு, மூச்சுகூட விடாமல்.

இப்படி ஆரம்பித்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். கடிதம் என்றால் முதலில் உடம்பைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்று அம்மா இப்போதுதான் என் தோளுக்குப் பின்னாலிருந்து சொல்கிறாள். இங்கே எல்லோருக்கும் உடம்பு சரியாகத்தான் இருக்கிறது, குழம்பிக் கிடப்பது தலை மட்டும். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? மாமா இன்னும் கதவைப் பூட்டினோமா என்று மூன்றாவது மாடியிலிருந்து திரும்பி வந்து பார்க்கிறாரா? இதையெல்லாம் நான் கேட்கலாம். கேட்கலாமா என்று அதிகாரியிடம் கேட்டுவிட்டேன்.

இதற்கெல்லாம் எதற்கு அதிகாரி என்று நீங்கள் கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இதன் நகல் ஒன்று அவருடைய கோப்புக்குப் போகிறது, அதனால் உங்களுக்குத் தெரிந்த விஷயத்தையும் சேர்த்தே எழுதுகிறேன், அலுத்துக்கொள்ளாதீர்கள். லிஃப்ட் ரிப்பேர் செய்துகொண்டிருந்த அப்பா இப்போது நம் வீட்டு முன்னறையில் ஒரு கம்பெனி நடத்துகிறார். சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு பெட்டி, அதை லிஃப்ட் மோட்டாருக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டால் அது பாட்டுக்கு மோட்டார் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கும், கயிறு தேய்கிறது, கதவு இழுக்கிறது, கூடிய சீக்கிரம் நின்றுவிடும் என்று முன்கூட்டியே சொல்லிவிடும். இதற்குப் பெயர் செயற்கை நுண்ணறிவு. அதற்கு அறிவு கொடுப்பது ஜடை அண்ணன், அவர்தான் எங்கள் கம்ப்யூட்டர்காரர். (ஜடையை நீங்கள் வீடியோவில் பார்த்து வெட்டச் சொன்னதிலிருந்து ஜடை இல்லை, பெயர் மட்டும் இருக்கிறது.) அதற்குக் காது கொடுப்பது நான். பதிவான சத்தங்களை ஹெட்போனில் கேட்டு இது நல்ல சத்தம், இது தேய்கிற சத்தம் என்று குறி போடுவேன், பெட்டி அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். யாரிடமும் பேச வேண்டியதில்லை. லிஃப்ட் மோட்டார்கள் என்னிடம் "ஏம்மா படிப்பை நிறுத்திட்டே?" என்று கேட்பதில்லை.

இப்போது கம்பெனியில் பெட்டி செய்யச் சாமான் வாங்கப் பணம் இல்லை. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று பங்கு வாங்கிக்கொண்டு பணம் போடுகிறேன் என்கிறது. அதன் சார்பில் திரையில் வருகிறவருக்கு அம்மா வைத்த பெயர் தலையாட்டி, யார் எது சொன்னாலும் தலையை ஆட்டுவார். இந்தப் பணம் வராவிட்டால் முன்னறை காலி, ஜடை அண்ணன் வேறு இடம் பார்த்துக்கொள்வார், எனக்கு அம்மா ஏற்கெனவே ஒரு வேலை பார்த்து வைத்திருக்கிறாள். பெரிய லிஃப்ட் கம்பெனி ஒன்றில், லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் மணியை அழுத்தினால் போனை எடுத்துப் பேசி ஆறுதல் சொல்லும் வேலை. அத்தை, என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். மாட்டிக்கொண்டவரும் பயத்தில் பேசமாட்டார், நானும் பயத்தில் பேசமாட்டேன், இரண்டு பேரும் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு எவ்வளவு நேரம் இருப்பது?

ஆகவே பணம் வரவேண்டும் என்று மற்ற எல்லோரையும்விட நான்தான் அதிகம் ஆசைப்பட்டேன். ஆனால் அதற்கு ஒரு சட்டம் இருக்கிறதாம். செயற்கை நுண்ணறிவு செய்கிற கம்பெனியில் வெளிநாட்டுப் பணம் வந்தால், அது நாட்டின் பாதுகாப்புக்குப் பங்கமா என்று அரசாங்கம் முதலில் பார்த்து அனுமதி தரவேண்டுமாம். நம் பெட்டியில் என்ன பாதுகாப்பு, என்ன பங்கம் என்று எங்களில் ஒருவருக்கும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அப்போதுதான் அந்த அதிகாரி வந்தார். ஒல்லியானவர், மெதுவாகப் பேசுவார், ஒரு பேனா வைத்திருந்தார், அதன் மூடியைத் திறக்கவே இல்லை. அப்பா அவரை ஜன்னல் ஓரம் நல்ல நாற்காலியில் உட்கார வைத்தார். அவர்தான் விளக்கினார்: "உங்க பெட்டி பெரிய பெரிய அலுவலகத்துல எல்லாம் மாட்டியிருக்கு. சத்தத்தை வெச்சே லிஃப்ட் எந்த மாடியில நின்னுது, எத்தனை பேர் இறங்கினாங்கன்னு அதுக்குத் தெரியும். வெளிய தெரியக்கூடாத ஒரு கூட்டம் எந்த மாடியில எப்ப நடக்குதுன்னு வெளிநாட்டுக்காரன் உக்காந்த இடத்துலயே கண்டுபிடிச்சிடலாம்." அப்பா ஆடிப்போய்விட்டார். "சார், நாங்க கயிறு தேயுதான்னு மட்டுந்தான் கேக்கறோம்" என்றார். "நீங்க கேக்கறதில்ல சார், பெட்டி கேக்குது. அது எல்லாத்தையுந்தான் கேக்குது" என்றார் அவர். இத்தனை நாள் அந்தச் சத்தங்களை நானும்தானே கேட்டேன், ஒரு கூட்டத்தைக்கூடக் கண்டுபிடிக்கவில்லையே.

அப்புறம் அவர் தலையாட்டியைத் திரையில் வரவழைத்தார். பதிவுகள் இந்த நாட்டை விட்டு வெளியே போகக்கூடாது, அரசாங்கக் கட்டடங்களின் சத்தத்தை உங்கள் ஆட்கள் யாரும் கேட்கக்கூடாது, இந்த அறைக்குள் காலே வைக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் அவர் ஆட்டினார். ஒரு தேநீர் ஆறுவதற்குள் வெளிநாட்டு நிறுவனத்தின் விஷயம் முடிந்துவிட்டது. கிளம்பும் முன் அதிகாரி கடைசியாக ஒரு கேள்வி கேட்டார், சும்மா வழக்கத்துக்குக் கேட்பதுபோல: "பங்குதாரர் தவிர, வெளிநாட்டுல இருக்கற வேற யாராவது இந்தக் கம்பெனியோட முடிவுல செல்வாக்கு செலுத்தறாங்களா?" அப்பா நெஞ்சை நிமிர்த்தி, "ஒருத்தரும் இல்ல சார். நான் வெச்சதுதான் இங்க சட்டம்" என்றார். அத்தை, சரியாக அந்த நிமிஷத்தில்தான் நீங்கள் போன் செய்தீர்கள்.

அப்பா அவசரமாக எடுத்ததில் விரல் ஸ்பீக்கரில் பட்டுவிட்டது. நீங்கள் சொன்னது அறை முழுக்கக் கேட்டது. "டேய் தம்பி, அந்த ஆபீஸர் வந்தாச்சா? ஜன்னல் ஓரமா உக்கார வெச்சிடாதே, வெயில் அடிக்கும், எரிச்சல்ல அனுமதி குடுக்கமாட்டான். சுவரோரமா போடு. தேநீர்ல சர்க்கரை கம்மியா. ஜடை பேசவே வேணாம்." நீங்கள் வைத்துவிட்டீர்கள். அதற்குள் அப்பா அதிகாரியை நாற்காலியோடு சேர்த்துச் சுவரோரமாக இழுத்துக்கொண்டு போயிருந்தார். அம்மா அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போயிருந்தாள். ஏதோ சொல்ல வாய் திறந்த ஜடை அண்ணன் வாயை மூடிக்கொண்டார். இதையெல்லாம் அவர்கள் யோசித்துச் செய்யவில்லை, தும்மல் வந்தால் தும்முவது மாதிரிதான்.

அதிகாரி சுவரோரத்திலிருந்து கேட்டார். "யார் பேசினது?"

"எங்க அக்கா சார்."

"எங்க இருக்காங்க?"

"வெளிநாட்டுல."

"எந்த நாட்டுக் குடியுரிமை?"

"அங்கயே வாங்கிட்டாங்க சார். இங்க விருந்துகூட வெச்சோம்."

"இப்ப அவங்க சொன்னாங்கன்னுதான் என் நாற்காலியை நகர்த்தினீங்களா?"

"ஐயோ, இல்ல சார், வெயில்…"

அவர் ஜன்னலைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

அப்போதுதான் அத்தை, அவர் பேனா மூடியைத் திறந்தார். கிணறு வெட்டப் போய் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. தலையாட்டிக்கு ஒரு தேநீர் நேரம் எடுத்தவர், உங்களைப் பற்றி மூன்று நாள் தொடர்ந்து வந்து விசாரித்தார். வாசல் போர்டுக்கு ஏன் பச்சை நிறம்? அக்கா சொன்னா. பெட்டி ஏன் வெள்ளை? முதல்ல நீலம் சார், அக்கா பாத்துட்டு அழுக்குத் தெரியணும்னு சொன்னா. கம்ப்யூட்டர்காரரை யார் தேர்ந்தெடுத்தது? அவர் எங்க அக்கா வீட்டுக்காரரோட ஒண்ணுவிட்ட தங்கச்சி பையன் சார். ஜடையை வெட்டியதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று தெரியாமல் அவர் வெகுநேரம் யோசித்து, பிறகு "ஊழியர் நிர்வாகம்" என்று எழுதினார். "அவங்களுக்குப் பங்கு இருக்கா?" "இல்ல." "பணம் போட்டிருக்காங்களா?" "இல்ல." "அப்புறம் ஏன் அவங்க சொல்றதையெல்லாம் கேக்கறீங்க?" அப்பா அவரைப் பரிதாபமாகப் பார்த்து, "அக்கா சார்" என்றார். அதற்கு மேல் அதில் விளக்குவதற்கு என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவருக்கு என்ன புரியவில்லை என்பதும் எங்களுக்குத் தெரியவில்லை.

"அவங்க சொன்னதுக்கு மாறா ஒரு முடிவாவது எடுத்திருக்கீங்களா?" என்று கேட்டார். அப்பா மேலே பார்த்தார், கீழே பார்த்தார், விரலை மடக்கப் போய் நிறுத்தினார். கடைசியில், "கல்யாணத்துக்கு முன்னாடி ஒருதடவை மீசை வெச்சேன் சார்" என்றார். "இப்ப இல்லையே?" "அதான் சார்."

விசாரணை முடிந்து ஒரு கடிதம் வந்தது. அதில் நீங்கள் "கண்காணிப்புக்குரிய வெளிநாட்டு நபர்" என்று இருக்கிறது. அம்மா அதை வாங்கிப் படித்துவிட்டு, "கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து நான் இதைத்தானே சொல்லிட்டிருக்கேன், அரசாங்கத்துக்கு இப்பத்தான் தெரிஞ்சிருக்கு" என்று சொல்லி, அந்த வரியை இன்னொரு தடவை படித்தாள். இதை எழுத வேண்டாம் என்று அம்மா சொன்னாள், ஆனால் எதையும் மறைக்கக்கூடாது என்று அதிகாரி சொல்லியிருக்கிறார், எனக்கு இருவரில் யார் பேச்சைக் கேட்பது என்று தெரியவில்லை. அனுமதி உண்டு, ஆனால் ஒரு நிபந்தனை: கம்பெனி முடிவுகளில் உங்கள் செல்வாக்கு துளியும் இருக்கக்கூடாது. உங்களோடு பேசுவதைக் கவனிக்க, உங்கள் சொல்லுக்குக் கட்டுப்படாத ஓர் ஆளைக் கம்பெனிக்குள்ளேயே பாதுகாப்புப் பொறுப்பாளராகப் போடவேண்டும்.

அப்படி ஓர் ஆளுக்கு எங்கே போவது? அப்பா கிடையாது. அம்மாவா, அவள் உங்களைத் திட்டிக்கொண்டேதான் சர்க்கரையைக் குறைக்கிறாள். ஜடை அண்ணன் தலையைத் தடவிக்கொண்டார். அதிகாரி சோர்ந்துபோய் அறையைச் சுற்றிப் பார்த்தார், மூலையில் ஹெட்போனோடு நான் இருந்தேன். "நீ அத்தைகிட்ட பேசுவியாம்மா?" நான் இல்லை என்று தலையசைத்தேன். "ஒரு தடவைகூடவா பேசினதில்ல?" அம்மா முந்திக்கொண்டு, "போனைக் குடுத்தா கதவுக்குப் பின்னாடி போயிடுவா சார். அவங்க ஏதாவது சொன்னா இவளுக்குக் கேக்கவே கேக்காது" என்றாள். அதிகாரி முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. "இந்தக் கம்பெனியிலேயே வெளிநாட்டுச் செல்வாக்கு படாத ஒரே ஆள் நீதாம்மா" என்று எழுந்து நின்று என் கையைக் குலுக்கினார். நான் ஹெட்போனைக் கழற்றவே மறந்துவிட்டேன். காதில் ஒரு லிஃப்ட் மேலே போய்க்கொண்டிருந்தது.

ஒன்றை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை, இனி நகலில் படித்துக்கொள்வார். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் குரல் வராமல் நான் நின்றேனே, அப்புறம் போகவே மாட்டேன் என்றேனே, அப்போது எல்லோரும் திட்டினார்கள். நீங்கள்தான் போனில், "அவளைப் போட்டுப் பிடுங்காதீங்க. காது நல்லாக் கேக்குதில்ல? உன்கூட உக்கார வெச்சுக்கோ" என்று அப்பாவிடம் சொன்னீர்கள். கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டேன். என் நாற்காலியே நீங்கள் போட்டது. அப்படியானால் நான் செல்வாக்கு பட்டவளா, படாதவளா? யோசித்தால் தலை சுற்றுகிறது. யோசிப்பதை நிறுத்திவிட்டேன்.

இதற்குப் பிறகு வந்த குழப்பம்தான் பெரியது. எது கம்பெனி விஷயம், எது குடும்ப விஷயம்? அப்பாவுக்கு ரத்த அழுத்த மாத்திரையை நீங்கள்தான் ஞாபகப்படுத்துவீர்கள். ஆனால் அப்பா கம்பெனியின் தலைவர், அவர் மயங்கி விழுந்தால் கம்பெனி விழும், அப்படியானால் மாத்திரையும் செல்வாக்கா? நான் அதிகாரிக்கு எழுதிக் கேட்டேன். அவர் மேலிடத்தில் கேட்டுச் சொன்னார்: மாத்திரைக்கு ஆட்சேபணை இல்லை. "தலைமுடியைச் சீவு" என்று சொல்லலாமா? வீட்டில் சீவினால் குடும்பம், தலையாட்டியோடு பேசும் முன் சீவினால் கம்பெனி. "சாப்பிட்டியா?" கேட்கலாம். "சாப்பிட்டுட்டு அப்புறம் வேலையைப் பாரு" சொல்லக்கூடாது.

அப்பா நிலைமைதான் பார்க்க முடியவில்லை. எதையும் அவரே முடிவு செய்ய வேண்டுமாம். திருகாணி வாங்கப் போனவர் பெரிய அளவா சின்ன அளவா என்று தெரியாமல் கடையில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். ஒப்பந்தத் தாள் மேசை மேல் இருக்கிறது. இந்த வாரத்துக்குள் கையெழுத்து போடாவிட்டால் தலையாட்டி தலையாட்டாமல் போய்விடுவார். அப்பா பேனாவை எடுக்கிறார், மூடியைத் திறக்கிறார், மூடுகிறார். "அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போட்டா நல்லாயிருக்கும்" என்கிறார். கேட்டால் அனுமதி ரத்து. கேட்காவிட்டால் கை வரமாட்டேன் என்கிறது. நீங்கள் "போடு" என்று சொன்னாலும் கெட்டது, "போடாதே" என்று சொன்னாலும் கெட்டது. அதனால்தான் உங்கள் போன் வந்தாலே அப்பா கொடிக்குக் கீழே போய் ஒளிகிறார். "இவன் குளிக்கிறானா, இல்ல மீனாவே மாறிட்டானா?" என்று போன தடவை கேட்டீர்களாம். உங்களை ஏமாற்றியது தப்பு. பாதுகாப்புப் பொறுப்பாளர் என்ற முறையில் உறுதி சொல்கிறேன்: இனிமேல் இந்த வீட்டிலிருந்து உங்களுக்குப் பொய் வராது, குளிக்கிறார் என்றால் குளிக்கிறார் என்றே அர்த்தம். அப்பா கையெழுத்து போடும்வரை மட்டும் போன் செய்யாதீர்கள். அவர் தானாகவே போட்டுவிடுவார், தைரியமாக இருங்கள். நீங்கள் பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது, பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று மட்டும் தெரியும். ஏறக்குறைய இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும்.

உங்களுக்கு வரும் கடிதங்களைப் பாதுகாப்புப் பொறுப்பாளர் படித்துப் பார்த்துத்தான் அனுப்ப வேண்டுமாம். படித்துப் பார்த்தேன். ஆட்சேபணை இல்லை.

மாமாவுக்கு என் வணக்கம். மூட்டு வலிக்குக் காலை உயரத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இது என் செல்வாக்கு, இதற்குத் தடை இல்லை. நான் உங்களிடம் பேசாமல் இருந்தது பிரியம் இல்லாததால் அல்ல என்பதையும் இதிலேயே சேர்த்து எழுதிவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகள்
(பாதுகாப்புப் பொறுப்பாளர்)

பின்குறிப்பு: நகல் எடுத்த பிறகு இதை எழுதுகிறேன், அதனால் இது கோப்பில் இருக்காது. உறையை ஒட்டப் போகும்போது போன் அடித்தது. நீங்கள்தான். அப்பா கொடியை நோக்கி ஓடினார், அம்மா கையை விரித்தாள், ஜடை அண்ணன் கம்ப்யூட்டருக்குப் பின்னால் தலையை இழுத்துக்கொண்டார், எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கதவு எனக்குப் பின்னாலேயேதான் இருந்தது. நான் போனை எடுத்தேன். "யாரு?" என்றீர்கள். "நான்தான் அத்தை" என்றேன். கொஞ்ச நேரம் நீங்கள் ஒன்றும் பேசவில்லை. எனக்குத் தெரிந்து அது முதல் தடவை. பிறகு, "அடி என் தங்கமே, நீயா! சரி சரி, அப்பன்கிட்ட உடனே சொல்லு, அந்தக் கையெழுத்தை மட்டும்…" என்று ஆரம்பித்தீர்கள். "அப்பா குளிச்சிட்டிருக்கார் அத்தை" என்று சொல்லி வைத்துவிட்டேன். மீதியை நான் கேட்கவில்லை. அப்பா கொடிக்குக் கீழேயிருந்து, "அக்கா என்ன சொன்னா?" என்று கேட்டார். "போடச் சொன்னாங்க" என்றேன். அவர் முகம் தெளிந்துவிட்டது, நேரே வந்து போட்டுவிட்டார். அது நீங்கள் சொன்னதில்லை, நான் சொன்னது, நான் உள்நாடு. பிறகு நான் பின்பக்கம் போய், அப்பாவின் துண்டை எடுத்து, குழாயடியில் நன்றாக நனைத்துப் பிழிந்து, மறுபடியும் கொடியில் போட்டேன்.